பென்னி மோட்டனும் அவருடைய கன்சாஸ் சிட்டி பேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னி மோட்டன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த கறுப்பின ஜாஸ் இசைக்காரர். பியானோ வாசிப்பார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது பியானோவால் அல்ல, பேண்டு நடத்தியதால். 1893 நவம்பர் 13 அன்று பிறந்தார் என்பார்கள். 1894 என்று போட்ட புத்தகங்களும் உண்டு. 1935 ஏப்ரல் 2 அன்று இறந்தார். 1923 முதல் 1932 வரை அவர் பேண்டு இசைத்தட்டுகள் கொடுத்தது. கவுண்ட் பேஸி என்ற ஜாஸ் பேண்டுத் தலைவரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அந்தப் பேஸி உலகப் புகழ் பெறுவதற்கு முன்னால் சம்பளத்துக்கு வாசித்த இடம் இதுதான்.

ஊர்ப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கன்சாஸ் என்று தனி மாநிலம் இருக்கிறது. அதன் எல்லையிலேயே இதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. நம் கதை நடப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், மிசௌரி மாநிலத்தில் இருக்கும் பெரிய கன்சாஸ் சிட்டியில்.

"டெரிட்டரி பேண்டு" என்கிறார்களே, அது என்ன?

நியூயார்க், சிகாகோ போன்ற பெரிய ஊர்களில் இல்லாமல், ஏதோ ஒரு நடுத்தர நகரத்தை வீடாக வைத்துக்கொண்டு சுற்று வட்டாரம் முழுக்கப் போய் நடனத்துக்கு வாசித்த பேண்டுகளுக்கு அந்தப் பெயர். டெக்சஸில் அல்ஃபான்சோ ட்ரெண்ட், ட்ராய் ஃப்ளாய்ட், ஓக்லஹோமா சிட்டியில் வால்டர் பேஜின் ப்ளூ டெவில்ஸ் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பேண்டு கொடி கட்டிப் பறந்தது. கன்சாஸ் சிட்டியிலேயே மோட்டனுக்குப் போட்டியாக ஜார்ஜ் ஈ. லீ இருந்தார், ஆண்டி கர்க் இருந்தார்.

இவர்களில் பலர் எப்படி வாசித்தார்கள் என்று இன்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. இசைத்தட்டு கம்பெனிகள் பெரிய ஊர்களில் இருந்தன. பஸ்ஸில் அலைந்தவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்ய அவர்களுக்கு அவசியம் இல்லை. ப்ளூ டெவில்ஸ் பேரில் இருப்பது ஒரே ஒரு தட்டு, இரண்டு பக்கம். மோட்டன் இதில் விதிவிலக்கு. நிறையப் பதிவு செய்தார். அதனால்தான் இப்படி ஒரு வட்டார பேண்டு பத்தே வருஷத்தில் எங்கிருந்து எங்கே போனது என்பதைத் தட்டுக்குத் தட்டு நம்மால் கேட்க முடிகிறது.

ஏன் கன்சாஸ் சிட்டி? அங்கே என்ன இருந்தது?

ரயில், மாட்டுச் சந்தை, கோதுமை, அப்புறம் டாம் பென்டர்காஸ்ட்.

பென்டர்காஸ்ட் ஊரின் அரசியல் முதலாளி. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. கன்சாஸ் சிட்டியில் அது காகிதத்தில் மட்டும் இருந்தது. கள்ளச் சாராயமும் சூதாட்டமும் விடிய விடிய நடந்தன. கிளப் என்று இருந்தால் ஆட்கள் வர வேண்டும், வந்தவர்கள் உட்கார வேண்டும், அதற்கு இசை வேண்டும். மற்ற ஊர்களில் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் இசைக்காரர்கள் சோற்றுக்கு அலைந்தபோது இங்கே ஓரளவு வேலை இருந்தது. நல்ல இசை வளர்ந்தது நேர்மையற்ற ஆட்சியின் நிழலில் என்று சொல்வது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். 1939இல் பென்டர்காஸ்ட் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார்.

இன்னொன்றும் உண்டு. கறுப்பின இசைக்காரர்களுக்கு அங்கே சொந்தமாகத் தொழிற்சங்கம் இருந்தது: லோக்கல் 627. ஹைலண்ட் அவென்யூவில் இருக்கும் அதன் கட்டடம் இன்றும் நிற்கிறது, தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

அவர் யாரிடம் கற்றார்?

சின்ன வயதில் ஊர்ச் சிறுவர் பேண்டு ஒன்றில் பாரிடோன் ஹார்ன் என்ற பித்தளைக் குழல் ஊதினார். பியானோவுக்கு இரண்டு ஆசிரியர்கள்: சார்லி வாட்ஸ், ஸ்க்ராப் ஹாரிஸ். (ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் அல்ல. ராக் ரசிகர்கள் மன்னிக்கவும்.) இருவருமே ரேக்டைம் இசையின் பெரிய பெயரான ஸ்காட் ஜாப்ளினின் சீடர்கள். ஜாப்ளின் இருந்த செடாலியாவும் அதே மிசௌரிதான். ஆக, மோட்டனின் கைக்கு வந்தது ரேக்டைம் பியானோ. இடது கை ஊஞ்சல் மாதிரி மாறி மாறிப் போகும், வலது கை அதன் மேல் துள்ளும். 1918 வாக்கில் இரண்டு நண்பர்களோடு பி.பி. அண்ட் டி. என்று மூன்று பேர் பேண்டு தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் எல்லாம்.

முதல் தட்டுகள் எப்படி இருக்கும்?

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கரடுமுரடு. 1923 செப்டம்பரில் ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக செயின்ட் லூயிஸில் பதிவு செய்தார்கள். ஆறு பேர். மைக் வருவதற்கு முந்தைய காலம். பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று ஊத வேண்டும். "எலிஃபன்ட்ஸ் வாப்பிள்", "க்ராடாட் ப்ளூஸ்" இரண்டும் அப்போது வந்தவை. ட்ரம்பெட் மாதிரியான கார்னெட் வாசித்த லமார் ரைட் நன்றாக ஊதுகிறார். கிளாரினெட்காரர் உடி வால்டர் நடுவில் விதவிதமாகக் கோமாளிச் சத்தம் எழுப்புவார். அந்தக் காலத்து ஜனங்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். எனக்கு மூன்றாவது தடவைக்கு மேல் தாங்கவில்லை.

ஆனால் அப்போதே ஒரு விஷயம் தெரிகிறது: இந்த பேண்டுக்கு, கறுப்பின மக்களின் பாட்டு வடிவமான ப்ளூஸ் என்றால் வீட்டுச் சாப்பாடு. அலங்காரம் பண்ணாமல், அவசரப்படாமல் வாசிக்கிறார்கள்.

1926 கடைசியில் விக்டர் கம்பெனி ஒப்பந்தம் கிடைத்தது. அன்றைய தேதிக்கு அது பெரிய இடம். "கன்சாஸ் சிட்டி ஷஃபிள்", "மோட்டன் ஸ்டாம்ப்" எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மோட்டன் பெரிய பியானோ கலைஞரா?

இல்லை. நல்ல பியானோக்காரர், அவ்வளவுதான். அது அவருக்கே தெரிந்திருந்தது என்பதுதான் விசேஷம்.

பின்னாளில் கவுண்ட் பேஸி ஆன பில் பேஸி நியூ ஜெர்சிப் பையன். ஒரு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராக வந்தார், கம்பெனி கலைந்தது, 1927இல் கன்சாஸ் சிட்டியில் மாட்டிக்கொண்டார். மௌனப் படங்களுக்குத் தியேட்டரில் வாசித்தார், ப்ளூ டெவில்ஸில் கொஞ்ச நாள் இருந்தார். மோட்டன் பேண்டில் எப்படியாவது சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் தலைவரே பியானோக்காரராக இருக்கும் பேண்டில் இன்னொரு பியானோக்காரர் எப்படிச் சேர்வது? பேஸி பின்னாளில் சொன்ன கதை இது: தனக்குத் தோன்றிய துண்டுகளைப் பியானோவில் வாசித்துக் காட்டினார், பேண்டில் ட்ராம்போனும் கிட்டாரும் வாசித்த எடி டர்ஹாம் அவற்றை ஸ்வரக் குறிப்பாக எழுதிப் பேண்டுக்குப் பாட்டாக்கினார். மோட்டனுக்குப் பிடித்துவிட்டது.

1929 அக்டோபரில் சிகாகோவில் பதிவு நடந்தபோது பியானோ முன்னால் உட்கார்ந்தது பேஸி. தட்டில் பெயர் மோட்டனுடையது. மேடையிலும் மோட்டன் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு இருக்கையை அவருக்குக் கொடுத்துவிடுவார். தன்னைவிட நன்றாக வாசிப்பவனைப் பக்கத்தில் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளும் தலைவர்களை நாம் எல்லாத் துறையிலும் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் ஆளைத் தேடிப் பிடித்துச் சம்பளமும் கொடுத்துத் தன் இருக்கையில் உட்கார வைத்தார். என்னைக் கேட்டால் மோட்டனின் திறமை விரலில் இல்லை, காதில் இருந்தது.

ப்ளூ டெவில்ஸை அவர் கொள்ளையடித்தார் என்பது உண்மையா?

கொள்ளை என்பது கடுமையான வார்த்தை. ஆனால் விளைவு ஏறக்குறைய அதுதான்.

முதலில் ப்ளூ டெவில்ஸ் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடுகிறேன். பேஸி ஒருநாள் காலையில் டல்சா நகரத்தில் ஹோட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே இசை கேட்டது. யாரோ லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் தட்டு போடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போய்ப் பார்த்தால், தெருவில் ப்ளூ டெவில்ஸ் விளம்பரத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த அளவு.

ஆனால் அவர்களுக்குப் பணபலம் இல்லை. மோட்டனுக்கு விக்டர் ஒப்பந்தம் இருந்தது, ஊரில் நிரந்தர வேலை இருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள்: பேஸி, டர்ஹாம், பாடகர் ஜிம்மி ரஷிங், ட்ரம்பெட்காரர் ஹாட் லிப்ஸ் பேஜ். கடைசியில் 1931 வாக்கில், பேண்டை நடத்திய வால்டர் பேஜே தன் டபுள் பாஸைத் (ஆள் உயரத் தந்தி வாத்தியம்) தூக்கிக்கொண்டு மோட்டனிடம் வேலைக்கு வந்துவிட்டார். போட்டிக்காரரைத் தோற்கடிக்க முடியவில்லை என்றால் மொத்தமாக வேலைக்கு எடுத்துவிடுவது ஒரு வழி.

அப்போது பழைய ஆட்கள் என்ன ஆனார்கள்?

கசப்புதான். முதல் தட்டிலிருந்து கூட இருந்த ட்ராம்போன்காரர் தேமன் ஹேஸ், சாக்ஸஃபோன்காரர் ஹார்லன் லெனர்ட் உட்படப் பலர் 1931இல் பிரிந்துபோய் கன்சாஸ் சிட்டி ராக்கெட்ஸ் என்று தனி பேண்டு தொடங்கினார்கள். "சவுத்" என்ற பாட்டை மோட்டனோடு சேர்ந்து போட்டவர் இந்த ஹேஸ். எட்டு வருஷம் உழைத்தவர் வெளியே போகிறார், நேற்று வந்தவர் முன்வரிசையில் உட்கார்கிறார். இசைக்கு அது நல்லதாக முடிந்தது. ஹேஸிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

முயல் குழம்புக் கதை என்ன?

1932 டிசம்பர். சாக்ஸஃபோன்காரர் எடி பேர்ஃபீல்ட் சொன்னது. பேண்டு கிழக்குப் பக்கம் சுற்றுப்பயணம் போனது. ஃபிலடெல்ஃபியாவில் முந்தைய பயணத்துக் கடன் ஒன்று பாக்கி இருந்தது. கடன்காரர்கள் தியேட்டர் வசூலைப் பிடித்துக்கொண்டார்கள், பஸ்ஸும் போயிற்று. கையில் காசு இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. நியூ ஜெர்சியின் கேம்டனில் விக்டர் ஸ்டூடியோவுக்குப் போயாக வேண்டும். ஆர்ச்சி என்ற ஒருவர் ஓட்டை பஸ் ஒன்றோடு வந்து சேர்ந்தார். எங்கிருந்தோ ஒரு முயலும் நாலு ரொட்டியும் பிடித்து வந்தார். பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்ட மேஜை மேலேயே குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு முயல்.

அப்புறம் போய், டிசம்பர் 13 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிவு செய்தார்கள். பழைய சர்ச் ஒன்றை மாற்றிக் கட்டிய ஸ்டூடியோ அது.

அந்தப் பத்துப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

1920களின் நடன இசையில் தாளத்தைக் கையில் போட்டுப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் ஒன்றிலும் மூன்றிலும்தான் கனம் விழும். அடியில் ட்யூபா. அது ஊதுகிற கருவி. மூச்சு வாங்க வேண்டும், எனவே இரண்டு அடிக்கு ஒரு முறை "பூம்" என்று ஊதினால் போதும் என்று அமைந்தது. பக்கத்தில் கிட்டார் மாதிரியான பாஞ்சோ "சக் சக்" என்று வெட்டும். கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் நொண்டி நொண்டிப் போகும்.

1932இல் ட்யூபா இல்லை. அந்த இடத்தில் வால்டர் பேஜ் நின்றுகொண்டு டபுள் பாஸின் கம்பியை விரலால் மீட்டுகிறார். மூச்சுப் பிரச்சினை கிடையாது. எனவே நான்கு அடிக்கும் நான்கு ஸ்வரம், ஒன்றுக்கொன்று சமமாக, படி ஏறி இறங்குகிற மாதிரி நடக்கிறது. பாஞ்சோ போய்க் கிட்டார் வந்துவிட்டது. அது வெட்டாமல் கூடவே உருள்கிறது. அடித்தளம் இப்படி வழுவழுப்பானதும் மேலே இருப்பவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. பேஸி இடது கையால் தாளம் காக்க வேண்டியதில்லை. ஹாட் லிப்ஸ் பேஜ் அடிக்கு முன்னால் போகலாம், பின்னால் வரலாம். டெனர் சாக்ஸில் இளம் பென் வெப்ஸ்டர்.

"டோபி" என்ற தட்டைப் போட்டால் பயமாக இருக்கும் அளவுக்கு வேகம். ஆனால் யாரும் மூச்சிரைக்கவில்லை. பசியோடு வாசித்தவர்கள் என்று நம்பவே முடியாது. இதைத்தான் இரண்டு மூன்று வருஷம் கழித்து நாடு முழுக்க "ஸ்விங்" என்று கொண்டாடினார்கள்.

ரிஃப் என்றால்?

இரண்டு அல்லது நான்கு தாளச் சுற்றுக்குள் அடங்கும் சின்ன இசைத்துண்டு. அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ட்ரம்பெட் வரிசை ஒன்று சொல்லும், சாக்ஸ் வரிசை பதில் சொல்லும், நடுவில் ஒருவர் தனியாக வாசிப்பார். இவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒத்திகையில் ஒருவர் தொடங்க, பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார், நாலு நாளில் அது பாட்டாகிவிடும். தலைக்குள்ளேயே இருப்பதால் அதற்கு "ஹெட் அரேஞ்ச்மென்ட்" என்று பெயர். கன்சாஸ் சிட்டியில் நடனம் விடிய விடிய நடக்கும். ஜனங்கள் ஆடுவதை நிறுத்தாதவரை பேண்டும் நிறுத்தக் கூடாது. காகிதத்தில் மூன்று நிமிஷப் பாட்டு இருந்தால் மூன்றாவது நிமிஷத்தில் என்ன செய்வீர்கள்? ரிஃப் இருந்தால் அரை மணி நேரம் ஓட்டலாம்.

"மோட்டன் ஸ்விங்" உண்மையில் யார் போட்ட பாட்டு?

தட்டில் பென்னி மோட்டன், பஸ்டர் மோட்டன் என்று இருக்கும். பஸ்டர் அவருடைய உறவினர், பேண்டில் அக்கார்டியன் வாசித்தவர். ஆனால் அதை உருவாக்கியவர்கள் பேஸியும் டர்ஹாமும்தான் என்பது பொதுவான கருத்து. அடியில் ஓடும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசையோ வால்டர் டொனால்ட்சன் 1930இல் போட்ட "யு ஆர் டிரைவிங் மீ க்ரேசி" என்ற பிரபலமான பாட்டினுடையது. பழைய வீட்டின் அஸ்திவாரத்தில் புது வீடு. அந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணம். பேண்டில் பிறந்த பாட்டில் தலைவரின் பெயர் ஏறுவதும் சாதாரணம்.

பேண்டே தலைவரை வெளியேற்றியதாகச் சொல்கிறார்களே?

ஆமாம். 1933இல் ஆட்கள் ஓட்டுப் போட்டு மோட்டனை விலக்கிவிட்டு பேஸியைத் தலைவராக்கினார்கள். மோட்டன் போய்ப் பழைய போட்டியாளர் ஜார்ஜ் ஈ. லீயோடு கை கோத்தார். பேஸியின் அணி ஆர்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக்கில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, பிறகு கலைந்தது. பேஸி திரும்பி மோட்டனிடமே வந்தார். மோட்டன் சேர்த்துக்கொண்டார். யாரும் பெரிதாக முறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெள்ளையர்களுக்கும் வாசித்தார்களா?

வாசித்தார்கள். ஃபேரிலேண்ட் பார்க் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் மேடையில் கறுப்பர் பேண்டு; கறுப்பர்கள் சீட்டு வாங்கி உள்ளே போக அனுமதி இல்லை. சொந்த ஜனங்களுக்கு வாசித்தது பாசியோ ஹால் போன்ற இடங்களில்.

எப்படி இறந்தார்?

டான்சில் அறுவை சிகிச்சை. பேண்டு கொலராடோவின் டென்வர் நகரத்துக்கு வாசிக்கப் போயிருந்தது. மோட்டன் சிகிச்சையை முடித்துவிட்டு வந்து சேர்கிறேன் என்று ஊரில் தங்கினார். சிகிச்சை தவறாகப் போய்விட்டது. வயது 41. செய்தி டென்வருக்குப் போனது. பஸ்டர் மோட்டன் கொஞ்ச நாள் நடத்திப் பார்த்தார், முடியவில்லை.

அதோடு பேண்டு முடிந்ததா?

பெயர் முடிந்தது. பேஸி கன்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் ஒன்பது பேரோடு புதிதாகத் தொடங்கினார். மோட்டனிடம் இருந்த வால்டர் பேஜ், ஜாக் வாஷிங்டன், ஜிம்மி ரஷிங் போன்றவர்கள் மெல்ல மெல்ல அவரிடம் வந்து சேர்ந்தார்கள். கிளப் நிகழ்ச்சி உள்ளூர் வானொலியில் ஒலிபரப்பானது. ஜான் ஹாமண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் 1936இல் சிகாகோவில் தன் கார் ரேடியோவில் தற்செயலாக அதைக் கேட்டார். அந்த வருஷக் கடைசியில் பேஸி நியூயார்க்கில் இருந்தார்.

மோட்டன் பணம் சம்பாதித்தாரா?

சம்பாதித்தார், செலவும் செய்தார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய மிகப் பெரிய விற்பனை அவர் இறந்த பிறகு வந்தது. 1928இல் விக்டருக்காகப் பதிவு செய்த "சவுத்", 1940களில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் மறுபடி ஓடு ஓடு என்று ஓடியது. நவீனமான 1932 தட்டுகள் அல்ல; ட்யூபாவும் பாஞ்சோவும் போடும் அந்தப் பழைய பாட்டு. வெளியேறிப் போன ஹேஸின் பெயரும் அதில் இருக்கிறது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. முதலில் "சவுத்", 1928. அடுத்து நேராக 1932இன் "மோட்டன் ஸ்விங்". நாலு வருஷம்தான் இடைவெளி, ஆனால் நாற்பது வருஷம் மாதிரி இருக்கும். "மோட்டன் ஸ்விங்" கேட்கும்போது முதல் தடவை ட்ரம்பெட்டை விட்டுவிடுங்கள், அடியில் பாஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். பிடித்தால் "டோபி". பாட்டு வேண்டும் என்பவர்களுக்கு, ஜிம்மி ரஷிங் பாடும் "தட் டூ, டூ", 1930. பியானோவை ரசித்தால், மறக்க வேண்டாம், அது பேஸி.